மூட்டையை எடை போடும் நாம், நம்மை எடை போட்டோமா?



திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பிளாட்பாரத் தராசைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால், கடையில் உள்ள அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அதில் ஏறி நிற்போம். கணக்குப்பிள்ளை அவரவர் எடையைப் பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார். என் தகப்பனார் காலத்தில் விளையாட்டாக ஆரம்பித்தது இது. யார் அதிகம் என்று பார்த்துச் சிரிப்போம், அதோடு மறந்துவிடுவோம்.

சென்ற ஆண்டு பழைய பேரேடுகளை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கடைசிப் பக்கங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் நனைந்து எழுத்து கரைந்தவை போக, மீதி எல்லாம் படிக்கும்படி இருந்தன. என் பெயருக்கு நேரே 1980-ல் 52 கிலோ. திருமணமான 1986-ல் 58. 1995-ல் 66. 2004-ல் 74. 2008-ல் 77. அந்த 2008-ல்தான் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அப்போது எனக்கு வயது 48.

52-க்கும் 77-க்கும் இடையே 25 கிலோ. நாம் விற்கும் அரிசிச் சிப்பம் ஒன்று. (2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை என்று 26 கிலோ சிப்பம் போட்டார்களே, அந்தக் கதை வேறு.) ஒரு சிப்பம் அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் நிற்கவும் நடக்கவும் தூங்கவும் செய்தால் எப்படி இருக்கும்? நான் அதைத்தான் செய்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 ஆண்டுகளில் 25 கிலோ என்றால் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை கிராம். ஒரு மூட்டைப் பருப்பில் சேதாரமாகக்கூட நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் ஏறியது தெரியவில்லை.

ஏறிய காரணமும் ஒன்றும் ரகசியமில்லை. இருபது வயதில் நானும் மூட்டை தூக்கியவன்தான். லாரியிலிருந்து இறக்குவேன், அடுக்குவேன், சைக்கிளில் கடலூர் முதுநகர் வரை வசூலுக்குப் போவேன். கல்லாவில் உட்கார்ந்த பிறகு கால்கள் வேலை நிறுத்தம் செய்துவிட்டன. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்த இடம். வருகிற வாடிக்கையாளர்களுடன் சேர்ந்து நாளைக்கு ஏழெட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மிக்சர் கம்பெனிக்காரர் கொடுக்கும் சாம்பிள். பத்தரை மணிக்கு வீட்டில் வயிறு முட்டச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை. இதைப் படிக்கும் மளிகைக் கடைக்காரர் எவரும் இதில் ஒன்றாவது தமக்குப் பொருந்தாது என்று சொல்ல முடியாது.

இளம் வயதிலிருந்து நடுவயது வரை ஏறும் எடைக்கு என்ன விலை என்பதை அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துக் கணக்கிட்டு, 2017-ல் வெளியிட்டார்கள். 55 வயதுக்குள் கூடும் ஒவ்வொரு 5 கிலோவுக்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதமும், ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு 14 சதவீதமும், இதய, ரத்தக்குழாய் நோய்க்கான வாய்ப்பு 8 சதவீதமும் கூடுகின்றன. என் கணக்கில் ஐந்து ஐந்து கிலோ. வட்டிக்கு வட்டி போல என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் குண்டானவர்களுக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைப்பவர்களுக்காக என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரம் மேலவீதிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். பெயர் வேண்டாம். வாரா வாரம் எங்களிடம் சரக்கு எடுப்பவர். கை கால் எல்லாம் குச்சி போல இருக்கும், வயிறு மட்டும் சட்டைப் பட்டனைத் தள்ளிக்கொண்டு முன்னால் நிற்கும். எங்கள் தராசில் ஒரு முறை ஏறியபோது 62 கிலோ. “உங்களைப் போல நான் என்ன மூட்டையா?” என்று என்னைக் கேலி செய்தார். 2009-ல் ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டமான நேரம். நெஞ்சில் எரிச்சல், இடது தோளில் வலி. வாயு என்று சொல்லி எலுமிச்சை சோடா குடித்திருக்கிறார். கூட்டம் குறையட்டும் என்று மூன்று மணி நேரம் கல்லாவிலேயே இருந்திருக்கிறார். பிறகு பையன் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கொண்டுபோனான். வழியிலேயே முடிந்துவிட்டது. வயது 51.

அதன் பிறகு அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது பாதி அவர் தலைக்குள் இருந்தது. சிட்டையில் “ரா. 4,200” என்று இருக்கும். எந்த ரா என்று யாருக்குத் தெரியும்? கொடுக்க வேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை, வாங்க வேண்டியவர்கள் மூன்றாம் நாளே வந்து நின்றார்கள். ஆறு மாதத்தில் கடை கைமாறியது. இதயம் என்பது மருத்துவர் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, நம்மைப் போன்ற ஒற்றை ஆள் கடைகளுக்கு அதுதான் முதலீடு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

காரியத்தன்று அவருடைய தாயார், வயது எண்பதுக்கு மேல், அழுதுகொண்டே ஒன்று சொன்னார். “பிறக்கும்போதே இத்தனூண்டுதான் இருந்தான், பஞ்சில் சுற்றி வைத்துக் காப்பாற்றினேன்” என்றார். அப்போது அதை வெறும் புலம்பலாகவே கேட்டேன். பின்னர் ஒரு மருத்துவ முகாமில் பேசிய டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுதான் அந்த வார்த்தை திரும்ப நினைவுக்கு வந்தது.

அவர் சொன்னது நம் போன்ற கணக்கு எழுதுபவர்களுக்குப் பிடித்த கதை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே 1911 முதல், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும், ஒரு வயதில் அதன் எடையையும் செவிலியர்கள் பேரேட்டில் எழுதி வந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவப் பேராசிரியர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, 1911-க்கும் 1930-க்கும் இடையே பிறந்த 5,654 ஆண்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். 1989-ல் முடிவை வெளியிட்டார். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களே பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள்.

வெள்ளைக்காரர் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பக்கத்து மைசூரிலும் இதே வேலை நடந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் எழுதி வைத்த பிரசவப் பதிவேடுகள் பத்திரமாக இருந்தன. 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்து, பிறகும் மைசூர்ப் பகுதியிலேயே வசித்த 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996-ல் வெளியான முடிவு இது: பிறந்தபோது சுமார் இரண்டரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. மூன்று கிலோவைத் தாண்டி நல்ல எடையுடன் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். பழைய பேரேட்டைக் கரையானுக்குப் போடாமல் வைத்திருந்ததன் பலன் இது. என் நண்பருக்கு வந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பீடியும் பிடிப்பார். ஆனால் அந்தத் தாய் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

இதை விளக்க அந்த டாக்டர் ஒரு உதாரணம் சொன்னார், நான் நம் பாஷையில் மாற்றிச் சொல்கிறேன். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு என்பது நம் கிடங்கு. மிஞ்சிய சரக்கை அங்கே அடுக்கலாம், பெரிய தொந்தரவு இல்லை. கிடங்கு சிறியதாக இருந்தால் என்ன செய்வோம்? நடைபாதையில் அடுக்குவோம், கல்லாவுக்கு அடியில் திணிப்போம், கடைசியில் ஆள் போக வழி இருக்காது. நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இந்தத் தோலடிக் கிடங்கு சிறியது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். மிஞ்சியது வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடுகிறது, இதயத்துக்குப் போகும் குழாயின் உட்சுவரில் படிகிறது.

இதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் என்ற இரு நண்பர்கள், இருவரும் ஒரே உயர எடைக் கணக்குள்ளவர்கள். இருவருடைய குறியெண்ணும் 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். 2004-ல் இருவரும் தங்கள் படத்தையே மருத்துவ இதழில் போட்டுவிட்டார்கள். தராசு ஒன்றுதான், சரக்கு வேறு!

குறியெண் என்று சொன்னேனே, அது எளிய கணக்கு. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். என் உயரம் 5 அடி 5 அங்குலம், அதாவது 1.65 மீட்டர். 77-ஐ 1.65-ஆல் இரு முறை வகுத்தால் 28-க்கு மேல் வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று நம் நாட்டு மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். என் உயரத்துக்கு 62 கிலோவைத் தாண்டும்போதே மணி அடித்திருக்க வேண்டும். அதாவது 1990-களின் தொடக்கத்திலேயே.

என் நண்பருக்கு இந்தக் கணக்கு பெரிதாக எதையும் காட்டியிருக்காது. அவருக்கு வேண்டியிருந்தது தையல்காரர் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி அளக்க வேண்டும். பேன்ட் அளவு கணக்கில்லை, நாம்தான் வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோமே. ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். கடையில் கூட உட்காரும் வீட்டம்மாக்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் நம்மைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், டாக்டரிடம் நம்மைவிடக் குறைவாகப் போகிறார்கள்.

சர்க்கரை நோய் நம் மாநிலத்தில் எவ்வளவு என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. 2023-ல் வெளியான அதன் கணக்குப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். நாடு முழுவதும் 10 கோடி. இதயத்தைப் பொறுத்தவரை 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்று தெரிந்தது. ஆறு ஆண்டு முன்னதாக வருகிறது. பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, கடைக்கு வங்கிக் கடன் எல்லாம் இருக்கும் வயது அது.

சரி, என்ன செய்வது? பயமுறுத்த மட்டும் இதை எழுதவில்லை. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு நமக்கு மிகவும் உதவும். சர்க்கரை நோய் வரும் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் அரை மணி நேர நடை, அரிசி, சர்க்கரை, எண்ணெய் குறைப்பு என்று விடாமல் சொல்லி வந்தார்கள். மூன்று ஆண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடந்தவர்கள் பிரிவில் 39 பேருக்கு. 2006-ல் வந்த முடிவு இது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையவில்லையே என்று ஒரு மாதத்தில் நடையை விட்டுவிடுபவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். அதே குழுவினர் பின்னர் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டியே இரண்டு ஆண்டில் நோய் வந்தவர்களை 27 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். நடக்க நேரமில்லை என்று சொல்பவருக்கும் செல்போன் பார்க்க நேரமிருக்கிறதல்லவா!

நோய் வந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பிரிட்டனில் நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களிடம், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டுடன் மருத்துவர் மேற்பார்வையில் செய்த சோதனையில், ஓராண்டில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு. இதை நாமாகச் செய்து பார்க்கக் கூடாது, மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. எனக்கு அப்படி முழுவதும் திரும்பவில்லை. நான் இரண்டு ஆண்டுகளில் 77-லிருந்து 67-க்கு வந்தேன், மாத்திரை குறைந்தது, நிற்கவில்லை. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடைக்கே கொண்டுவரச் சொன்னேன். முதல் மாதம் வாடிக்கையாளர் முன்னால் சாப்பிட வெட்கமாக இருந்தது, இப்போது அவர்களே “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறார்கள். காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடை. சிதம்பரத்துக்காரர்களுக்கு நாலு தேர் வீதி இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் விற்பது அரிசி, சர்க்கரை, மைதா, பாமாயில். என் சரக்கைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று நானே எழுதுகிறேன். 2025-ல் வந்த ஆய்வில் இந்தியர் சாப்பாட்டின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறார்கள், அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் கோதுமை மாவும் சர்க்கரையும். ஆனால் பருப்பும் பயறும் கடலையும் கம்பும் கேழ்வரகும் நம் கடையில்தான் இருக்கின்றன. எடுப்பான இடத்தில் வைத்தால் அவையும் நகர்கின்றன என்பதைக் கடந்த சில ஆண்டுகளில் பார்த்துவிட்டேன். லாபமும் குறைவில்லை.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதுக்கு மேல் எடை குறைந்தால் உடனே மகிழ வேண்டாம். நாம் ஒன்றும் செய்யாமலே சட்டை தொளதொளவென்று ஆனால், அது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறைவது கொழுப்பா சதையா என்பதும் முக்கியம். எங்கள் கடையில் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் இன்றும் படி ஏறிப் பரணில் சரக்கு எடுக்கிறார், அவருடைய தொடைச் சதைதான் அவருக்கு வைப்பு நிதி.

குழந்தைகள் விஷயத்தில் நம் பழக்கமே தலைகீழாக இருக்கிறது. டெல்லியில் பிறந்தது முதல் தொடர்ந்து எடை பார்க்கப்பட்ட சுமார் 1,500 பேரை, 26 முதல் 32 வயதில் பரிசோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். அந்த வயதிலேயே சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, அதற்குப் பின் வேகமாக எடை ஏறியவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டு என்று சொல்லும்படி இல்லை! ஆகவே ஒல்லிக் குழந்தையைப் பள்ளி வயதில் பிஸ்கட்டும் சிப்சும் கொடுத்துக் கொழுகொழுவென்று ஆக்குவது நாம் செய்யும் உபகாரம் அல்ல. இன்னும் பின்னால் போனால் கர்ப்பிணியிடம் வந்து நிற்கும். மருமகள் கர்ப்பமாக இருக்கும்போது அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, கர்ப்ப காலச் சர்க்கரைப் பரிசோதனை செய்தாயிற்றா என்று மாமனார்கள் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. டாக்டர் வி.சேஷையா போன்றவர்கள் வலியுறுத்தி, நம் மாநில அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு வந்தது.

பெரியவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரி 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போடாவிட்டால் அபராதம் என்று ஓடுகிறோம். மே 5 வணிகர் தினத்துக்குக் கடையை அடைக்கிறோம். அன்று காலை சாப்பிடாமல் வந்தால் ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிட்டு மாநாட்டுக்குப் போகலாம் என்று எங்கள் கிளைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். கடைகளில் பாக்கிப் பேரேட்டை முழுப் பெயருடன் எழுதி, வீட்டில் ஒருவருக்குக் காட்டி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டாவதற்குத்தான் அதிகம் பேர் தலையாட்டினார்கள்.

எங்கள் பேரேட்டில் சென்ற ஆயுத பூஜைக்கு எனக்கு நேரே 67 என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் பேரன் பெயரை முதல் முறையாக எழுதினோம். வயது 9, எடை 38 கிலோ. கணக்குப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று மாலை முதல் அவனும் என்னுடன் கடற்கரைக்கு வருகிறான்.